மூன்று பக்கெட் நல்ல தண்ணீர்

ரேகாவின் தொட்டியில் பாசி கருஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று நின்றது. தேவகிருபையின் தொட்டியில் அதே பாசி நுனி வெளுத்துச் சுருண்டுகொண்டிருந்தது. இரண்டு தொட்டிக்கும் ஒரே கடல், ஒரே பம்பு, ஒரே குழாய். தேவகிருபைக்குப் பொறுக்கவில்லை.

திருவொற்றியூரில், எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகை இருந்தது. ஒரு கல்லூரி அதை வாடகைக்கு எடுத்து ஆய்வுக்கூடம் ஆக்கியிருந்தது. அங்கே கஞ்சிப்பாசி வளர்த்தார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் போடுகிற அகர் அந்தச் செம்பாசியிலிருந்துதான் வருகிறது. பாசியைக் கிள்ளிக் கயிற்றில் முடிந்து கடலில் விட்டாலே வளரும். ஆனால் கிள்ளி வளர்த்ததையே மறுபடி மறுபடி கிள்ளினால் சில வருடங்களில் அது சோர்ந்து போய்விடும். பெண் பாசியைத் தொட்டியில் வைத்து வித்து உதிர்க்கச் செய்து, அந்த வித்திலிருந்து புதுப் பாசி எடுக்க வேண்டும். தேவகிருபை நான்கு வருடமாக அதற்குத்தான் முயன்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது ராயபுரம். அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து கருப்பட்டி மொத்த வியாபாரம் தொடங்கியவர். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவள் கணவன் எபினேசர். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவள் என்பதால், யாரும் ஒரு சொல் சொல்ல இடம் வைக்காமல் வேலை செய்தாள். மழைக்காலம் முடிந்து கடல் குளிர்ந்திருக்கும் மாதங்களில் பெண் பாசியின் கிளைகளில் வேர்க்குரு போலப் புடைப்புகள் வரும். அவற்றுக்குள்தான் வித்து. அப்படிப்பட்ட பாசியைக் கடலிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து தொட்டியில் வைப்பாள். அடியில் கண்ணாடித் தகடுகளைப் பரப்புவாள். வித்து உதிர்ந்தால் தகட்டில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். நான்கு வருடமும் தகடுகள் சுத்தமாகவே இருந்தன.

"தொட்டிய கடல் மாதிரி வெச்சுக்குங்க. உப்பும் சூடும் ஆடக் கூடாது. தானா உதிர்க்கும்" என்பார் பேராசிரியர் சங்கரநாராயணன். ஆயிரம் பங்கு நீருக்கு முப்பத்து நான்கு பங்கு உப்பு என்பது அவர் போட்ட கோடு. தேவகிருபை அதைத் தாண்டியதே இல்லை.

ரேகா வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா தேசப்பனுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு உண்டு. எம்.எஸ்சி. முடித்துவிட்டு நேராக இங்கே சேர்ந்தவள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பாசி ஒட்டியிருக்கும் கல்லையே பெயர்த்து எடுத்து வருவாள். கல்லோடு வந்ததால் அவள் பாசி வாடவில்லை. கொட்டகையின் கடல்பக்க மூலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சாக்கு கட்டி, தன் தொட்டியை வைத்துக்கொண்டாள். அங்கே காற்று வரும் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. தேவகிருபைக்கு நான்கு வருடமாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் சாயங்காலம் பேராசிரியர் தன் ஃபிளாஸ்கிலிருந்து தேவகிருபைக்கு ஒரு மூடி காபி ஊற்றித் தருவார். இப்போது ஃபிளாஸ்கோடு ரேகாவின் தொட்டிப் பக்கம் போய்விடுகிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தபோது ரேகாவை நனைந்த துணியோடு நிறுத்திப் படம் எடுத்தார். தேவகிருபையிடம் லைட்டைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள்.

இதில் ரேகாவுக்கு ஒரு கள்ளமும் இல்லை என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் வீட்டில் சுறாப்புட்டு செய்தால் ஒரு டப்பா இவளுக்கென்று வரும். "சாப்டுக்கா. உன் மூஞ்சே சரியில்ல" என்பாள். புட்டு ருசியாக இருக்கும். அந்த ருசியும் தேவகிருபைக்குக் கோபமாகத்தான் இறங்கும்.

வீட்டில் சோற்றில் கை வைத்தால் ரேகாவின் பேச்சுதான். ரேகா இப்படிச் சிரித்தாள், சார் அப்படிச் சொன்னார். எபினேசர் ஒருநாள் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அந்தப் பிள்ள பேரச் சொல்லாம உனக்குச் சோறு எறங்காதோ?" என்று கேட்டான். அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினாள். நினைப்பை நிறுத்த முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. காசிமேட்டில் சொந்தக்காரர் கல்யாணம் என்று ரேகா மதியமே கிளம்பிவிட்டாள். நான்கு மணி சுமாருக்குப் பேராசிரியர் போன் செய்தார்.

"தேவகிருபை, அடுத்த மாசம் கொச்சியில கருத்தரங்கு இருக்குல்ல? ரேகாவை அனுப்பலாம்னு இருக்கேன். அவ நல்லாப் பேசுவா. உங்க நாலு வருஷ டேட்டாவையும் அவகிட்ட குடுத்துடுங்க. சேர்த்துப் பேசிடுவா."

"சரி சார்" என்றாள். போனை வைத்த பிறகும் வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. சரி சார், சரி சார்.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. காற்றுக்குழாய்கள் தொட்டிகளில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன. ரேகாவின் தொட்டி அருகே போய் நின்றாள். பாசி நிறைய புடைப்புகளோடு, நிறைமாதக்காரி மாதிரி அசைந்தது. தன் தொட்டியில் இப்படி ஒரு செடியைக்கூட அவள் பார்த்ததில்லை.

நிலத்தடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் தூக்கினாள். குடிநீர் வாரியத்து மெட்ரோ தண்ணீர் இருட்டில் குளிர்ந்து கிடந்தது. ஒரு பக்கெட் மொண்டு வந்து ரேகாவின் தொட்டியில் ஊற்றினாள். கடல் செடிக்கு நல்ல தண்ணீர் விஷம். உப்பு குறைந்தால் அணுக்கள் ஊதி வெடிக்கும் என்று அவளே முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். இரண்டாவது பக்கெட். மூன்றாவது. பல நாள் கழித்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. நான்காவது பக்கெட்டைத் தூக்கும்போது கேட் சத்தம் கேட்டது.

"மேடம், இன்னும் போவலியா? பூட்டட்டா?" வாட்ச்மேன் திருமலை.

"தரை கழுவிட்டிருந்தேன். வந்துட்டேன்" என்று பக்கெட்டைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

இரவு முழுக்கத் தூக்கமில்லை. பாசி செத்துவிடும் என்ற பயமில்லை. திங்கட்கிழமை ரேகா வந்தவுடன் உப்புமானியை விட்டுப் பார்ப்பாள், மாட்டிக்கொள்வோம் என்ற பயம். ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு நேராகத் திருவொற்றியூருக்கு ஆட்டோ பிடித்தாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள்; கோயிலில் மனந்திரும்புதலைப் பற்றித்தான் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும். இவள் ரேகாவின் தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டு, சேமிப்புத் தொட்டியிலிருந்து கடல்நீரை ஊற்றி, உப்பை முப்பத்து நான்குக்குக் கொண்டுவந்து, மட்டத்தைப் பழைய கோட்டில் நிறுத்தினாள். அடியில் கிடந்த தகடுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கள் காலை தேவகிருபை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ரேகா குனிந்து முதல் தகட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அக்கா! யக்கா, இங்க பாரேன்!"

தகடு முழுக்கச் செம்பொடி தூவியது போலப் புள்ளிகள். நுண்நோக்கியில் வைத்தபோது ஒவ்வொன்றும் உருண்டையாக, உயிரோடு இருந்தது. ரேகா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். ஈரமான கையோடு தேவகிருபை அப்படியே நின்றாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கொல்லத்தான் ஊற்றினாள், அது பிரசவம் பார்த்துவிட்டது.

கொட்டகையே திருவிழாவானது. பேராசிரியர் லட்டு வாங்கிவந்தார். "ரேகாவுக்குக் கைராசி" என்றார். தேவகிருபை லட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே, அந்தக் கை என் கை என்று நினைத்தாள். இத்தனை நாள் இருந்தது வேறு பொறாமை. இது புதிது. தன்னுடையதை எடுத்துத் தானே இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, கேட்கவும் முடியாமல் நிற்பது.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. ரேகா மறுபடி செய்து பார்த்தாள். அதே கல், அதே மூலை, அதே முப்பத்து நான்கு. தகடுகள் வெறுமை. அதற்குப் பிறகு இரண்டு தடவையும் வெறுமை. முகம் கறுத்துப் போயிற்று. "இன்னாக்கா இது, நான் ஒண்ணும் மாத்தலியே. அப்டியேதான் வெச்சிகினு கீறேன்" என்று தேவகிருபையிடமே வந்து புலம்பினாள். தேவகிருபை ஆறுதல் சொன்னாள். உள்ளுக்குள் இனித்தது.

ஏப்ரலில் நிதி தருகிறவர்கள் பார்வையிட வந்தார்கள். அவர்களில் ஒருவர் நான்கு முடிவுகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஒரு தடவை மட்டும் வந்திருக்கு. கடலுக்குள்ள போட்டு எடுத்த தகடா இருக்காதே?"

ரேகாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "நான் ஏமாத்துறேன்னு சொல்றீங்களா சார்?" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியர் தேவகிருபை பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காலையில நீங்க இருந்தீங்களே. தொட்டியிலிருந்து அவ தகடு எடுத்ததை நீங்க பார்த்தீங்கதானே?"

ஒரு தலையசைப்பு போதும். ரேகா நம்பிக்கையோடு அவளையே பார்த்தாள்.

"நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டா சார்" என்றாள் தேவகிருபை.

அதைச் சொல்லிவிட்டு மேசையில் இருந்த பேனாவை நேராக்கினாள். கொச்சிப் பயணம் ரத்தானது. மறுநாளிலிருந்து சுறாப்புட்டு வரவில்லை. 'அக்கா' என்ற சொல்லும் குறைந்தது.

நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் தேவகிருபைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரேகாவிடமிருந்து போனது தன்னிடம் வந்தாக வேண்டுமே. வழி அவளுக்குத்தான் தெரியும். புடைப்புள்ள பாசி கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது. கடல் சூடேற ஆரம்பித்திருந்தது. கிடைத்ததைக் கொண்டுவந்து தன் தொட்டியில் வைத்து, குழாயைத் திறந்து நல்ல தண்ணீர் விட்டாள். காலையில் உப்பை ஏற்றினாள். தகட்டில் ஒன்றும் இல்லை, பாசி கஞ்சியாகிவிட்டது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் மாடியில் வெயிலில் காய்ந்த தொட்டியிலிருந்து வருவது, சுடும். அன்று ஊற்றியது சம்ப்பில் குளிர்ந்த தண்ணீர். உப்பும் இறங்க வேண்டும், சூடும் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு கடலில் கலக்கும்போது நடப்பது அதுதானே. கடல் ஒருநாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அவர்கள்தான் தொட்டியை ஒரே மாதிரி வைத்திருந்தார்கள்.

இன்னொரு பாசியைத் தேடிக் கொண்டுவந்து, சம்ப்பிலிருந்து மொண்டு ஊற்றினாள். மூன்றாம் நாள் காலை தகட்டில் சிவப்பு.

நான்கு வருடக் கனவு நுண்நோக்கிக்கு அடியில் கிடந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. ரேகா. மறைக்க நேரமில்லை.

"நவுரு, பாக்கறேன்" என்றாள் ரேகா. பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"அப்ப நான் சொன்னது பொய்யில்லதானே? உதிர்க்குதுதானே? அய்யோ அக்கா, நீ என்னிய காப்பாத்திட்ட!" அவள் தேவகிருபையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எப்டி பண்ண? சொல்லு."

"உப்பைக் குறைச்சேன். சம்ப்புத் தண்ணி ஊத்தி. ஒரு ராத்திரி மட்டும். மறுநாள் ஏத்திட்டேன்."

"செம ஐடியாக்கா! உனக்கு எப்டித் தோணுச்சி?"

தேவகிருபையிடம் பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் பேரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையைப் பிடித்திருந்த கை சூடாக இருந்தது. அவளால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரேகா மெதுவாகக் கையை விட்டாள். "எனக்கு ஒரே ஒரு வாட்டிதான் வந்துச்சி" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "நான் கல்யாணத்துக்குப் போன வாரம். திருமலைண்ணன் கேட்டாரு, மேடம் ஏன் சனிக்கெழமை தரை கழுவுறாங்கன்னு." நிறுத்தினாள். "என் டேங்குலயா?"

"ஆமா."

"செடி சாவட்டும்னா?"

"ஆமா."

வெளியே லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது. கன்னத்தில் அறை விழும் என்று தேவகிருபை எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரேகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தினி பக்கெட்டு?"

"என்ன?"

"எத்தினி பக்கெட்டு ஊத்துனன்னு கேக்கறேன்."

"மூணு. நாலாவது தூக்கினேன். திருமலை வந்துட்டாரு."

ரேகா மனதுக்குள் கணக்குப் போட்டாள். "அப்ப இருபத்திநாலுக்கு எறங்கியிருக்கும். நாலாவது ஊத்தியிருந்தா செத்திருக்கும்." அவள் குரலில் கோபத்தையும் மீறி ஒரு வியப்பு இருந்தது. அதைக் கேட்டபோதுதான் தேவகிருபைக்கு முழுமையாக வலித்தது. இந்த நேரத்திலும் இவளுக்குப் பாசிதான் முதலில். எனக்கு எப்போதுமே இவள்தான் முதலில்.

"சார்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அது கோள் மூட்ற மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு ரேகா போனாள்.

பேராசிரியர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தவறுதலா ஊத்திட்டீங்களா? கழுவும்போது?" என்று கேட்டார். அவருக்கு அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று முகத்திலேயே தெரிந்தது.

"இல்ல சார். வேணும்னுதான்."

"அன்னிக்கு அவ தகடு எடுத்ததை?"

"பார்த்தேன். பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

தண்ணீர் ஊற்றியதைவிட அதுதான் அவரை அதிகம் தாக்கியது. பிறகு, தொட்டி அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் தகடு உண்மையானதுதான் என்று நிதி தருகிறவர்களுக்குக் கடிதம் போனது. வித்து உதிர்த்ததைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் ரேகாவின் பெயர் முதலில், தேவகிருபையின் பெயர் இரண்டாவதாக வந்தது. இரண்டாவது பெயர் வேண்டாம் என்று பேராசிரியர் சொன்னாராம். "சம்ப்புத் தண்ணின்னு கண்டுபுடிச்சது அவங்கதான் சார். அது அவங்களோடது" என்று ரேகா பிடிவாதம் பிடித்தாளாம். இதைத் தேவகிருபையிடம் சொன்னது திருமலை. அன்றிரவு அவள் எபினேசரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள உன்ன விட்டுக்குடுக்கல பாத்தியா" என்றான். அவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பெருந்தன்மையிலும் ரேகாவே ஜெயிக்க வேண்டுமா?

தேவகிருபைக்கு வேறு வேலை கொடுத்தார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரக் கற்களைப் பார்த்து, எங்கே எந்தப் பாசி இருக்கிறது, அங்கே தண்ணீரின் சூடு என்ன, உப்பு என்ன என்று குறிப்பது. யாரும் விரும்பாத வேலை. பாதம் வெடித்தது, புடவை போய் சுடிதார் வந்தது, முகம் கறுத்தது. துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு பாசி, கழிவுநீர் விழும் இடத்தில் இன்னொன்று, அனல்மின் நிலையத்துச் சுடுநீர் கலக்கும் முகத்துவாரத்தின் வெதுவெதுப்பான தண்ணீரில் பச்சை வழுக்கல் மட்டும். மெல்ல மெல்ல அந்தக் கரை அவளுக்குப் படிக்கத் தெரிந்தது.

ரேகாவின் வித்துக் கயிறுகள் அந்த வருடம் கடலுக்குள் போயின. தேசப்பனின் படகில் ஏறி அவளே கட்டிவிட்டு வந்தாள். ஐப்பசி மழையில் ஆற்று வெள்ளம் வந்து பாதிக் கயிறுகள் வெளுத்துச் செத்தன. செய்தி கேட்டபோது தேவகிருபைக்குள் பழைய இனிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். போகவில்லை, இருக்கிறது, இருக்கத்தான் செய்யும் என்று தெரிந்தது. மிச்சக் கயிறுகள் பிழைத்து முழநீளத்துக்குக் கொழுத்தன.

தை மாதம் ஒரு காலை, முகத்துவாரத்துக்குத் தெற்கே கற்களில் இறங்கியபோது அவள் நின்றுவிட்டாள். இடுக்கில் ஒரு கைப்பிடி கஞ்சிப்பாசி. வெப்பமானியை விட்டாள், கஞ்சிப்பாசி வாழவே கூடாத சூடு. உப்பும் குறைவு. ஆனால் செடி கருஞ்சிவப்பாக இருந்தது. கிளையெங்கும் புடைப்புகள். சூட்டையும் மாறுகிற உப்பையும் தாங்கப் பழகிய ரகம். அதன் வித்தை எடுத்தால் எண்ணூர்க் கடலில் கோடையிலும் வளர்க்கலாம்.

சுற்றிலும் யாருமில்லை. பிடுங்கிப் பையில் போட்டால் அவளுடையது. பேராசிரியரை நேராகக் கூப்பிட்டாலும் அவளுடையதுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். அவளுக்கு மூச்சடக்கத் தெரியாது. கல்லோடு பெயர்க்கத் தெரியாது. பிடுங்கினால் தன் தொட்டியில் நுனி வெளுத்துச் சாகும்.

ரேகாவை அழைத்தாள். பல மாதத்துக்குப் பிறகு. மணி நெடுநேரம் அடித்தது.

"சொல்லுங்க" என்றாள் ரேகா.

தேவகிருபை இடத்தைச் சொன்னாள், சூட்டைச் சொன்னாள், உப்பைச் சொன்னாள்.

"புடைப்பு கீதா?"

"நிறைய இருக்கு."

"அப்பாவ போட் எடுக்கச் சொல்றேன். இதோ வந்துகினே கீறேன்." வைத்துவிட்டாள் என்று நினைத்தபோது மறுபடி குரல் வந்தது. "அக்கா."

"ம்?"

"அங்கியே நில்லு. ஆனா எதுலயும் கை வெக்காத."

"இல்ல, வைக்கல" என்றாள் தேவகிருபை. அலை முழங்கால்வரை ஏறி இறங்கியது. அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, படகு வரும் திசையைப் பார்த்து நின்றாள்.